ஆரம்பசூரனுக்கு ஒரு ஜிக்

தொழில்முனைவோர் கூட்டங்களில் இப்போதெல்லாம் தவறாமல் ஒரு பயிற்சி நடக்கிறது. கண்ணை மூடச் சொல்வார்கள். உள்ளே உங்களைத் திட்டிக்கொண்டிருக்கும் குரலைக் கவனியுங்கள் என்பார்கள். பிறகு அந்தக் குரலை அமுக்குவதற்கு, "நான் ஒழுங்கானவன், எடுத்த வேலையை நேரத்துக்கு முடிப்பவன்" என்று தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று இருபத்தொரு நாள் சொல்லச் சொல்வார்கள். ஏடிஎச்டி உள்ளவர்களுக்கென்றே இதைத் தனி வகுப்பாக நடத்துகிறவர்களும் வந்துவிட்டார்கள். கட்டணம், வாட்ஸப் குழு, கூடவே ஒரு டைரி. அந்த டைரி மூன்றாம் பக்கத்தோடு நின்றுவிடும் என்பது விற்கிறவருக்கும் தெரியும். கவனம் நிற்காதவனிடம் டைரி விற்பதைப்போல நிச்சயமான வியாபாரம் உலகத்தில் கிடையாது. வருஷா வருஷம் புதிதாக வாங்குவான்.

எனக்கு ஏடிஎச்டி உண்டு. முப்பதைத் தாண்டிய பிறகுதான் மருத்துவர் அதைப் பெயர் சொல்லி எழுதித் தந்தார். அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். 'நிறுவனம்' என்பது பெரிய வார்த்தை, நாங்கள் மூன்று பேர். தொழிற்பேட்டையிலும் திருமழிசைப் பக்கத்திலும் இருக்கிற பட்டறைகளுக்கு ஸ்டாக், பில், ஜாப் ஒர்க் கணக்குகளைப் பார்க்கும் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். ஆகவே இந்தக் கண்ணாடி வைத்தியத்தைப் பற்றிப் பேச எனக்கு இரண்டு வழியில் உரிமை இருக்கிறது. இந்த மூளையும் தெரியும், பட்டறையும் தெரியும். அந்தக் குரலோடு வாதாடுவது வீண் என்பது என் கட்சி. அதற்குப் பேசச் சரக்கு எங்கிருந்து போகிறதோ அந்த இடத்தைச் சரிசெய்ய வேண்டும். அதற்கான வித்தையைத் தேடிச் சுயமுன்னேற்றப் புத்தகக் கடைக்குப் போக வேண்டாம். பாடியில் இறங்கினால் போதும்.

முதலில் அந்தக் குரலின் இலக்கணத்தைப் பார்ப்போம். இதற்கு 'சுயபேச்சு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் மண்டைக்குள் யாராவது தன்னை 'நான்' என்று திட்டிக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? "நான் சோம்பேறியாக இருக்கிறேன்" என்று ஒரு வாக்கியம் எவனுக்குள்ளும் ஓடாது. "ஏண்டா, மூணு நாளா அந்த மெயிலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?" என்றுதான் ஓடும். முன்னிலை ஒருமை, கூடவே ஒரு 'டா'. பெண்களுக்கு 'டி'. இப்படிப் பேச யாருக்கு உரிமை உண்டு? அப்பாவுக்கு, மாமாவுக்கு, டியூஷன் சாருக்கு, மீட்டிங் அறையை விட்டு வெளியே வந்ததும் டீம் லீடுக்கு. ஆக, பேசுவது நானே இல்லை. யாரோ எப்போதோ பதிவு செய்துவைத்த டேப் அது, என் தலை வெறும் ஸ்பீக்கர். இதற்குப் போய் 'சுய' என்று பெயர் வைத்தவுடன் பழி முழுக்க என் தலையில் விழுந்துவிடுகிறது. வேலையை முடிக்காததும் என் குற்றம், அதற்காக என்னைத் திட்டிக்கொள்வதும் என் குற்றம். இரண்டாவது குற்றத்துக்குத்தான் இந்த வகுப்புக் கட்டணம்.

இந்த மூளைக்கு மருத்துவப் பெயர் வந்து சேர்வதற்கு ரொம்ப காலம் முன்பே தமிழில் வசவுப் பெயர் வந்துவிட்டது: ஆரம்பசூரன். ஆரம்பிக்கிறதோட சரி, எதையும் முடிக்க மாட்டான், புத்தி எங்கயோ மேயுது. மனநல மருத்துவர்கள் உலகமெங்கும் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு 2013இல் வந்தது. அதில் கவனக்குறைவுக்கான அறிகுறிகளில் முதலாவதாக இருப்பது, நுணுக்கங்களைக் கோட்டைவிட்டு அசட்டைப் பிழைகள் செய்வது. இந்த மூளையோடு தமிழ்நாட்டில் படித்த எவருடைய ரேங்க் கார்டையும் எடுத்துப் பாருங்கள், 'கேர்லெஸ் மிஸ்டேக்ஸ்' என்று சிவப்பு மையில் இருக்கும். தனக்கே தெரியாமல் வாத்தியார் நோய்க்குறிப்பு எழுதியிருக்கிறார், ஆனால் அதைக் குணக்கேடு என்று நினைத்து எழுதியிருக்கிறார். அறிகுறிகள் சிலவாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்றும் அந்தக் கையேடு சொல்கிறது. அப்படியானால் முப்பது வயதில் பெயர் தெரிந்துகொள்கிறவனுக்குக் குறைந்தது பதினெட்டு வருஷத்து டேப் சேர்ந்திருக்கும். அதை இருபத்தொரு நாளில் அழிக்க வேண்டுமாம்.

அழியாது என்று ஆய்வும் சொல்கிறது. கனடாவில் ஜோன் உட்டும் அவருடைய சகாக்களும் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன்னைப் பற்றி நல்ல எண்ணம் குறைவாக உள்ளவர்களிடம் 'நான் அன்புக்குரிய ஆள்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னவர்கள், சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். ஏற்கெனவே தன்னம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் பயன் இருந்தது. இதில் ஆச்சரியப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை. "நான் நேரத்துக்கு முடிப்பவன்" என்று கண்ணாடியிடம் சொல்லிப் பாருங்கள். உள்ளே இருக்கிறவர் சும்மா இருப்பாரா? "அப்படியா சார்? போன மாசம் இருபதாம் தேதி?" என்று கேட்பார். அவரிடம் ஆதாரம் இருக்கிறது.

இருபதாம் தேதி என்றால் சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்குப் புரியும். மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிற ஒரு சிறிய கம்பெனியின் நாட்காட்டி இப்படி இருக்கும்: டிடிஎஸ் கட்ட 7ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, பிஎஃப், இஎஸ்ஐக்கு 15, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. இதில் எந்த வேலையும் கடினமானதல்ல. சலிப்பானது. எங்கள் மூளைக்குக் கடினமானது பிரச்சினையே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் உடைந்தால் விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்வோம், பசி தெரியாது. சலிப்பானதும், தேதி போட்டதும், செய்தால் பாராட்டு இல்லாமல் விட்டால் அபராதம் உள்ளதும்தான் எங்கள் எமன். ஒரு ரூபாய்கூட விற்காத மாதத்துக்கும் 3பி தாக்கல் தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய் ஏறும், வரி கட்ட வேண்டிய மாதமென்றால் 50. தொழில் தொடங்குவது துணிச்சல் என்று மேடையில் சொல்கிறார்களே, துணிச்சல் எங்களிடம் தேவைக்கு மேலே இருக்கிறது. தொழில் நடத்துவது நாட்காட்டி வேலை.

இந்த இடத்தில் எதிர்முகாமிலிருந்து ஒருவர் எழுந்து வருவார். ஏடிஎச்டி ஒரு வரம், அதைச் சூப்பர்பவர் என்று கொண்டாட வேண்டும் என்பார். ஜெட்புளூ விமான கம்பெனியைத் தொடங்கிய டேவிட் நீல்மனைக் காட்டுவார். 2024இல் ஃபகத் ஃபாசில் தனக்கு 41 வயதில் ஏடிஎச்டி என்று தெரியவந்ததாகச் சொன்னதிலிருந்து அவர் படத்தையும் ஸ்லைடில் போட ஆரம்பித்திருக்கிறார்கள். ஃபகத் வெளிப்படையாகச் சொன்னதில் எனக்கு மகிழ்ச்சிதான். அதற்காக எனக்கும் அவர் கண் வந்துவிடுமா? 2016இல் யோஹன் விக்லண்டும் இன்னும் இருவரும், ஏடிஎச்டி உள்ள 14 தொழில்முனைவோரை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இந்த வரக் கட்சிக்கு ரொம்பப் பிடித்தமானது. யோசிக்காமல் குதிக்கும் குணம் தொழிலில் இறங்க வைக்கிறது, பிடித்ததில் மூழ்கிப்போகும் குணம் அதன் விளைவுகளைப் பெருக்குகிறது என்கிறது அந்தக் கட்டுரை. நல்ல விளைவு, கெட்ட விளைவு இரண்டையும் என்று அதிலேயே இருக்கிறது. மேடைக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும். கண்ணாடிக் கட்சியும் வரக் கட்சியும் சண்டை போடுவதுபோலத் தெரிந்தாலும் இரண்டும் ஒரே கடைச் சரக்கு. உன் தலைக்குள் இருக்கிற வாக்கியத்தை மாற்று, மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பதுதான் இரண்டு பேரும் விற்பது.

சரி, பாடிக்கு வருவோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் உருவானது. அதை ஒட்டிய பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1998இல் டெமிங் பரிசு வாங்கியது. தரத்துக்காக ஜப்பான் கொடுக்கும் அந்தப் பரிசை வாங்கிய முதல் இந்திய கம்பெனி அதுதான். 2004இல் அதே பாடியில் லூகாஸ் டிவிஎஸ் வாங்கியது. பெரிய கம்பெனி மாறினால் அதற்குச் சாமான் செய்து தருகிற பட்டறையும் மாறியாக வேண்டும். அதனால் இந்தப் பக்கத்தில் எட்டாவதோடு நிறுத்தியவர்கூட ஃபைவ் எஸ், கைசன், போக்கா யோக்கே என்று சர்வசாதாரணமாகப் பேசுவார். ஜப்பானிய வார்த்தைகளைத் தமிழ் உச்சரிப்பில் கேட்க வேண்டுமென்றால் தொழிற்பேட்டை டீக்கடைக்கு வாருங்கள்.

போக்கா யோக்கே என்றால் என்ன? டிரில்லிங் மெஷினில் ஒரு இரும்புத் துண்டில் நான்கு ஓட்டை போட வேண்டும். ஓட்டை இடம் மாறினால் துண்டு ஸ்கிராப். ஆபரேட்டரைக் கவனமாக இருக்கச் சொல்லலாம், சுவரில் போர்டு மாட்டலாம். அல்லது ஒரு ஜிக் செய்து கொடுக்கலாம். துண்டை அதற்குள் வைத்தால் டிரில் போக வேண்டிய வழியில்தான் போகும். ஜிக்கில் ஒரு சின்ன பின் வைத்துவிட்டால் துண்டைத் தலைகீழாக உள்ளே வைக்கவே முடியாது. ஆபரேட்டர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாலும் ஓட்டை சரியான இடத்தில்தான் விழும். பவர் பிரஸ்ஸைப் பாருங்கள். இரண்டு பட்டன், ஒன்றுக்கொன்று தள்ளி. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், அதனால் இறங்கும்போது கை டைக்குள் இருக்க வழியில்லை. 'பாதுகாப்பே முதன்மை' என்ற போர்டு பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறது. விரலைக் காப்பாற்றுவது பட்டன். அவசர ஆர்டருக்காக ஒரு பட்டனைக் கட்டிவைத்து ஓட்டுகிற இடங்களும் உண்டு. அங்கே விரல் போன பிறகு என்ன சொல்வார்கள் தெரியுமா? "அவன் கவனமா இல்ல சார்."

இந்த முறையை வகுத்த ஷிகியோ ஷிங்கோ முதலில் இதற்கு வைத்த பெயர் பாகா யோக்கே. பாகா என்றால் முட்டாள். முட்டாள் கையில் கொடுத்தாலும் கெடாத ஏற்பாடு என்று அர்த்தம். 1963 வாக்கில் அரகாவா என்ற வண்டிக்கூடு செய்யும் ஆலையில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, அங்கே வேலை செய்த ஒரு பெண் நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டார். ஷிங்கோ பெயரை மாற்றினார். போக்கா என்றால் கைப்பிசகு, தெரியாமல் நேர்வது. ஏற்பாடு அதேதான், பின் அதே பின்தான். ஆளைக் குறித்த சொல் போய்ச் செயலைக் குறித்த சொல் வந்தது. எதிர்மறைச் சுயபேச்சு பற்றி நான் படித்த எதையும்விட இந்த ஒரு பெயர் மாற்றம் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. கவனியுங்கள், ஷிங்கோ அந்தப் பெண்ணைக் கண்ணாடி முன் நிறுத்தி "நான் புத்திசாலி" என்று சொல்லச் சொல்லவில்லை. பின் வைத்துக் கொடுத்தார், வசவை எடுத்துவிட்டார்.

அந்தப் பரிசுக்குப் பெயர் கொடுத்த டெமிங் இன்னும் கறாரான ஆள். நிர்வாகத்துக்கு அவர் சொன்ன 14 அறிவுரைகளில் பத்தாவது, தொழிலாளியைப் பார்த்துக் கோஷம் போடுவதையும் போஸ்டர் ஒட்டுவதையும் ஒழியுங்கள் என்பது. குறைகளில் 94 சதவீதம் அமைப்பைச் சேர்ந்தவை, அதற்கு நிர்வாகம்தான் பொறுப்பு என்பது அவருடைய அனுபவ மதிப்பீடு. குளியலறைக் கண்ணாடியில் மஞ்சள் தாளில் ஒட்டியிருக்கும் "என்னால் முடியும்" வேறென்ன? அதுவும் போஸ்டர்தான். தொழிலாளியும் நானே, நிர்வாகமும் நானே என்பதால் போஸ்டர் மகிமை பெற்றுவிடுமா?

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் என் வயதுக்காரர்களின் அப்பாக்களில் பலர் இந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள். ஒரு பாகம் பழுதாக வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஏன் கீறல் விழுந்தது, ஏன் டூல் தேய்ந்தது, ஏன் மாற்றவில்லை என்று ஆளை விட்டுவிட்டு அமைப்புக்குள் போய்க்கொண்டே இருக்கும் கேள்வி. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் பையன் ஹோம்ஒர்க் முடிக்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கே ஒரே ஒரு முறைதான் 'ஏண்டா?' அதற்குப் பதிலையும் அவரே சொல்லிவிடுவார்: சோம்பேறி. இரும்புத் துண்டுக்குக் கிடைத்த ஐந்து கேள்வி பையனுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பையன்களில் சிலர் இப்போது ஸ்டார்ட்அப் வைத்திருக்கிறார்கள், ராத்திரி பதினொரு மணிக்கு அதே 'ஏண்டா'வைத் தங்களுக்குத் தாங்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஏடிஎச்டி ஆய்வில் பல பத்தாண்டுகளாக இருக்கும் ரஸ்ஸல் பார்க்லி சொல்வதும் ஏறக்குறைய ஜிக் செய்கிறவரின் பேச்சுதான். இது அறிவின் குறைபாடல்ல, அறிந்ததைச் செய்வதில் வரும் குறைபாடு என்கிறார். உதவியும் அந்தச் செயல் நடக்கிற இடத்திலேயே, நடக்கிற நேரத்திலேயே இருக்க வேண்டும். காலை ஆறு மணிக் கண்ணாடி மாலை நாலு மணி இன்வாய்ஸுக்கு ஒரு உபகாரமும் செய்யாது.

எங்கள் அலுவலகத்து ஜிக்குகளைச் சொல்கிறேன், பெருமை பேச ஒன்றுமில்லை. வேலையை முடித்துவிட்டுப் பில் போடாமல் விடுவதுதான் எங்களைப் போன்றவர்களின் தொழில் சறுக்கும் இடம், ஏனென்றால் சுவாரசியமான பகுதி முடிந்துவிட்டது. இங்கே புது வெர்ஷனை வாடிக்கையாளரின் சர்வரில் ஏற்றும் அதே ஸ்கிரிப்ட்தான் பில்லையும் உருவாக்கும். பில் இல்லாமல் வெர்ஷன் ஏறாது, துண்டைத் தலைகீழாக வைக்க முடியாது. பணம் வந்த அன்றே வரிப் பங்கு வேறு கணக்குக்குப் போய்விடும். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு எங்கள் கணக்கரம்மா வருவார், நான் வங்கி ஸ்டேட்மென்ட்டைத் திறக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பார். அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் இந்த மூளை ஓடுகிறது, அதற்குமேல் ஒரு தத்துவமும் இல்லை. உள்ளே இருக்கிற குரல் நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஆனால் 21ஆம் தேதி காலையில் அதற்குப் பேச விஷயம் கிடைப்பதில்லை. வேறு எதையாவது தேடிப் போகிறது, அது பாட்டுக்குப் போகட்டும்.

இதெல்லாம் சாக்கு என்று ஒருவர் சொல்லத்தான் போகிறார். சாக்கு சொல்கிறவன் ஜிக் செய்ய மெனக்கெட மாட்டான் என்பது என் பதில். மனிதனை டிரில்லிங் மெஷின் ஆக்குகிறாயே என்று இலக்கிய நண்பர் ஒருவர் கேட்டார். மெஷினுக்குக் காட்டுகிற பொறுமையை முதலில் மனிதனுக்குக் காட்டிவிட்டு அப்புறம் அதைப் பேசுவோம். மாத்திரை? பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது, டாக்டரிடம் கேளுங்கள், வாட்ஸப் குழுவிடம் கேட்காதீர்கள். ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை. இதற்குத் தருகிற மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் எக்ஸ் அட்டவணை மருந்து. எல்லாக் கடையிலும் கிடைக்காது, சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. காகிதத்தை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவதையே நோயாகக் கொண்டவனிடம் இரண்டு பிரதி கேட்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஏடிஎச்டி இல்லை என்பதையும்.

ஜிக் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கே உறுத்துகிற ஆட்சேபம். பட்டறைகளுக்குப் போய்வரும் இத்தனை வருஷத்தில் நான் பார்த்தது இது. முதலாளி பெரிய யோசனைக்காரர் என்று பெயர் வாங்கியிருப்பார். புது மெஷின், புது வாடிக்கையாளர், புது ஊர் என்று ஓடிக்கொண்டே இருப்பார். உள்ளறையில் டாலி முன்னால் அவருடைய மனைவியோ தங்கையோ உட்கார்ந்திருப்பார். செக் தேதி, பிஎஃப், இஎம்ஐ, லாரிக்காரரின் பாக்கி, முதலாளியின் பிபி மாத்திரை எல்லாம் அந்த ஒரு தலையில் இருக்கும். அவர்தான் ஜிக். சம்பளம் கிடையாது, போர்டில் பெயர் கிடையாது. ஆணின் ஏடிஎச்டி 'விஷன்' என்று பெயர் எடுப்பது பெரும்பாலும் இப்படித்தான். அதே மூளை அந்த உள்ளறைப் பெண்ணுக்கு வாய்த்திருந்தால்? வீட்டுக்கும் பட்டறைக்கும் ஞாபகசக்தியே அவள்தான் என்று முடிவு செய்துவிட்ட குடும்பத்தில் அவளுக்கு யார் ஜிக்? பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பெஞ்சை விட்டு எழுந்து ஓடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பள்ளியில் கண்டுபிடிக்கப்படுவதும் குறைவு. 'பொறுப்பில்லாத பொம்பள' என்ற டேப்புக்கு முன்னால் என் 'சோம்பேறி' எல்லாம் கொஞ்சல்.

இன்னொன்றும் உண்டு, இது மூளை சம்பந்தப்பட்டதே அல்ல. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, சிறு பட்டறையிடம் சாமான் வாங்கிய கம்பெனி அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டி. தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் இழுக்கிற வாடிக்கையாளர்களை எங்கள் மென்பொருளில் தினமும் பார்க்கிறேன். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பேமெண்ட் சைக்கிள்'. யாரும் அவர்களைச் சோம்பேறி என்பதில்லை, அந்தக் கம்பெனியின் நிதி மேலாளர் கண்ணாடி முன்னால் நிற்பதும் இல்லை. பட்டறைக்காரரின் தாமதத்துக்கு ஜிஎஸ்டி தளம் தானாக நாள் கணக்குப் போட்டு அபராதம் காட்டும். அவருக்கு வர வேண்டிய வட்டியை அவரே கணக்குப் போட்டு, அவரே புகார் கொடுத்து, அடுத்த ஆர்டர் வராமல் போகும் ஆபத்தையும் அவரே தாங்க வேண்டும். பணம் வராததால் வரி கட்ட முடியாமல் போன மனுஷன் ராத்திரி தன்னைத்தானே "உருப்படாதவனே" என்கிறார்.

போன மாதம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை முதலாளியம்மா இதைப் பற்றிக் கேட்டார். கணவர் இறந்த பிறகு தனியாக நடத்துகிறார்.

"தம்பி, அந்த நாப்பத்தஞ்சு நாள் வட்டி, அதை பில்லுலயே பிரின்ட் பண்ற மாதிரி வெக்க முடியுமா?"

"வெக்கலாம்மா. நாள் தாண்டினா தானாவே கணக்குப் போட்டு ஸ்டேட்மென்ட்டா வரும். ஆனா அந்தப் பெரிய கம்பெனிக்கு அனுப்புவீங்களா?"

கொஞ்ச நேரம் பிரஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அனுப்புறனோ இல்லியோ, எனக்குப் பார்க்கணும்ப்பா. எவ்ளோன்னு தெரியணும்ல. நான்தான் கணக்கு சரியா பார்க்கலன்னு என் மச்சினர் சொல்லிக்கிட்டே இருக்காரு."

அடுத்த வெர்ஷனில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஸ்டேட்மென்ட் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் மேஜைக்கு வருகிறது. மச்சினருக்கும் ஒரு பிரதி.